பள்ளியில் கீரை வளர்க்கும் பாடம்: பிள்ளைக்கு உண்மையில் என்ன பயன்?

உட்லண்ட்ஸ் அம்மா
வணக்கம். மகள் சிங்கப்பூர்ப் பள்ளியில் உயர்நிலை 2. அங்கே செயல்முறைக் கற்றல் பாடமாக ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் உரநீரில் செடி வளர்ப்பது, வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு வகுப்பு, சாய் சிம் கீரையும் லெட்டூசும் வளர்க்கிறார்கள். இதனால் பொறுப்பு வரும், வேலைக்கு உதவும் என்று சொல்கிறார்கள். எப்படி வரும் என்று யாரும் விளக்கவில்லை. சும்மா தண்ணீர் ஊற்றிவிட்டு வருவதற்கும் உண்மையாகக் கற்பதற்கும் என்ன வித்தியாசம்? எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பிற்பாடு பாலிடெக்னிக்குக்கு உதவுமா?

கீரைக்கட்டு
அக்கா, மகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இந்த முறை விதைத்த தேதி என்ன, அறுக்கப்போகும் தேதி என்ன?" இரண்டுக்கும் பதில் வந்தால் பாடம் சரியாக நடக்கிறது. "டீச்சருக்குத்தான் தெரியும்" என்றால், பிள்ளைகள் கையில் பூவாளி மட்டும்தான் இருக்கிறது.

நம் பள்ளித் தவணை 10 வாரம். சாய் சிம் விதைத்து அறுக்க ஏறக்குறைய 35 நாள், அதில் முதல் இரண்டு வாரம் நாற்று. முதல் வாரத் திங்கட்கிழமை விதைத்தால் மூன்றாம் வாரம் உரநீர் ஓடும் குழிகளுள்ள குழாய்க்கு மாற்றலாம், ஐந்தாம் வாரக் கடைசியில் அறுக்கலாம். அது குழாயில் இருக்கும்போதே நான்காம் வாரம் அடுத்த தொகுதியை விதைத்துவிட வேண்டும். அப்போதுதான் ஆறாம் வாரம் காலியான குழாயில் நாற்று ஏறி, ஒன்பதாம் வாரத் தொடக்கத்தில் இரண்டாம் அறுவடை வரும். மிச்சமுள்ள நாள்கள் குழாய் கழுவவும், தாமதமானால் சமாளிக்கவும். இந்த அட்டவணையை பிள்ளைகளே அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போட வேண்டும். நான்காம் வாரத்து விதைப்பை மறந்தால் குழாய் இரண்டு வாரம் வெறுமையாகக் கிடக்கும். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

விதைக்கும் கணக்கு வேண்டும். ஈரத்தாளில் 20 விதை வைத்து 17 முளைத்தால் முளைப்புத்திறன் 85 விழுக்காடு. குழாயில் 60 குழி, நாற்றில் பத்தில் ஒன்று போகும் என்றால் 60-ஐ 0.85-ஆலும் 0.9-ஆலும் வகுக்க வேண்டும். 79 விதை. வகுப்பில் படித்த விழுக்காட்டுக் கணக்கு இங்கே நேரடியாகத் தேவைப்படுகிறது.

பெரும்பாலும் கெட்டுப்போவது ஜூன் விடுமுறையில். நான்கு வாரம் யார் வருவது என்ற முறை எழுதப்படாவிட்டால் தொட்டி வற்றிவிடும். முறைப்பட்டியலில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் வேலை நிற்காது.

வேர்முடிச்சு
கீரைக்கட்டு சொன்னது திட்டமிடல். என் பார்வையில் அதைவிடப் பெரியது, செடிக்கு ஏதோ ஆகும்போது காரணம் தேடும் பழக்கம். எந்த வேலைக்குப் போனாலும் இது கூடவே வரும்.

முதல் கேள்வி: மஞ்சள் பழைய இலையிலா, புது இலையிலா? அடியிலுள்ள பழைய இலை மஞ்சளானால் பெரும்பாலும் நைட்ரஜன் குறைவு. செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். குருத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் குருத்துக்கு இரும்புச் சத்து போய்ச் சேரவில்லை. இரும்பு அப்படி இடம் மாறாது. அப்போது உரம் ஊற்றும் முன் பிஎச், அதாவது நீரின் அமில, கார அளவு, பார்க்க வேண்டும். 5.5-இலிருந்து 6.5 வரை இருக்க வேண்டியது 7-ஐத் தாண்டியிருந்தால், தொட்டியில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

லெட்டூஸ் உள் இலையின் ஓரம் கருகுவதைப் பார்த்தவுடன் பிள்ளைகள் "கால்சியம் இல்லை" என்று உரத்தைக் கூட்டுவார்கள். இன்னும் கருகும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், உள் இலையிலிருந்து நீர் ஆவியாகாது, நீரோடு வர வேண்டிய கால்சியமும் அங்கே வந்து சேராது. சின்ன விசிறி வைத்து, உரச்செறிவைக் குறைத்தால் சரியாகும். லெட்டூசுக்கு ஈசி (நீரின் மின்கடத்தலை வைத்து உரச்செறிவைக் காட்டும் அளவு) 1.2-இலிருந்து 1.8 வரை போதும், நாற்றுக்கு 0.8-இல் தொடங்கலாம்.

தண்ணீர் இருந்தும் மதியத்தில் செடி வாடினால் வேரை வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் வெயில்தான் காரணம். பழுப்பாக, வழவழப்பாக, நாற்றத்தோடு இருந்தால் வேரழுகல். தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், பித்தியம் என்ற நுண்ணுயிரி தலைதூக்கும். கறுப்புத் தொட்டியை வெயிலில் வைத்தது காரணமாக இருக்கலாம். நிழல், வெள்ளைப் பூச்சு, நீரில் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் மூன்றும் உதவும். ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று நாள் பொறுத்துப் பார்த்து எழுத வேண்டும். மூன்றையும் சேர்த்துச் செய்தால் செடி பிழைக்கலாம், எது காப்பாற்றியது என்று தெரியாது. அழுகல் வேகமாகப் பரவினால் மட்டும் பாடத்தை விட்டுவிட்டுச் செடியைக் காப்பாற்றுங்கள்.

இன்னும் இரண்டு. ஏ, பி என்று தனித்தனியாக வரும் இரண்டு திரவ உரங்களை நீர்க்காமல் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. கால்சியமும் பாஸ்பேட், சல்பேட்டும் சேர்ந்து வெள்ளை வண்டலாக அடியில் படிந்துவிடும். தண்ணீரில் ஏ-யை ஊற்றிக் கலக்கிய பிறகுதான் பி. பிஎச் மானியின் முனையைச் சேமிப்புத் திரவத்தில் வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் கெட்டுவிடும். வாரம் ஒருமுறை பிஎச் 7, 4 உள்ள கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். மானி பொய் சொன்னால் பதிவேடு முழுக்கப் பொய்.

தேக்காவாசி
பாலிடெக்னிக் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முன்கூட்டிய சேர்க்கை முறையான இஏஇ-யில் மதிப்பெண்ணோடு ஆர்வத்தையும் திறனையும் பார்க்கிறார்கள், நேர்முகமும் உண்டு. "நான் கீரை வளர்த்தேன்" என்பது அங்கே எடுபடாது. "இரண்டாம் தொகுதியில் 60-இல் 22 செடி போயின, காரணம் இது, மூன்றாம் தொகுதியில் இதை மாற்றினோம், 5 மட்டுமே போயின" என்று பதிவேட்டைத் திறந்து காட்டுவது எடுபடும். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. தேதி போட்ட படங்களும் பதிவேடும் இப்போதிருந்தே சேரட்டும்.

பதிவேட்டில் பணமும் இருக்க வேண்டும். 20 வாட் பம்பு நாள் முழுக்க ஓடினால் 30 நாளில் 14.4 யூனிட். 20 வாட் விளக்கு இரண்டு, தினம் 14 மணி நேரம் என்றால் 16.8 யூனிட். யூனிட் 30 காசு என்று வையுங்கள், மொத்தம் 9 வெள்ளி 36 காசு. 2 கிலோ கீரை கிடைத்தால் 200 கிராம் பொட்டலத்துக்கு மின்சாரம் மட்டும் 94 காசு. இத்தோடு ஈரச்சந்தை விலையைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊரில் உள்ளரங்குப் பண்ணை நடத்துவது ஏன் சிரமம் என்பது ஒரு பக்கத்தில் புரிந்துவிடும்.

அமெரிக்காவில் வேளாண் கல்வியை மூன்று காலில் நிறுத்துகிறார்கள்: வகுப்பு, மாணவர் சொந்தமாக நடத்தும் மேற்பார்வைத் திட்டம், 1928-இல் தொடங்கிய எஃப்எஃப்ஏ மாணவர் அமைப்பு. இரண்டாவது காலில் வரவுசெலவுப் பதிவேடு கட்டாயம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் காலோடு நின்றுவிடுகிறார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் கடைசி ஆண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். படித்ததை வயலில் நிற்பவருக்குப் புரியும்படி சொல்வதே அங்கே பரீட்சை. இங்கே அதற்கு ஈடாக, மகள் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கோ குடியிருப்புத் தோட்டத்துப் பெரியவர்களுக்கோ ஒரு மணி நேரம் செய்து காட்டலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் சமூகத் தோட்டத் திட்டம் 2005-இலிருந்து நடக்கிறது, உங்கள் வட்டாரத்திலும் ஒன்று இருக்கும்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030-க்குள் உள்ளூரிலேயே விளைவிப்பது என்ற இலக்கை 2019-இல் அறிவித்தார்கள். 2025 நவம்பரில் அதை மாற்றி, 2035-க்குள் நார்ச்சத்து உணவில் 20, புரதத்தில் 30 விழுக்காடு என்று வைத்தார்கள். பண்ணை வேலையை மட்டும் நம்பிப் பிள்ளையைத் தள்ளாதீர்கள். நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அதைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம், உணவுப் பாதுகாப்பு, மீன் வளர்ப்பு, பூங்கா பராமரிப்பு, உணர்கருவிப் பராமரிப்பு என்று பக்கத்துத் துறைகள் பல. அளந்து, எழுதி, காரணம் தேடும் கை எல்லாவற்றிலும் தேவை.

உட்லண்ட்ஸ் அம்மா
மூவருக்கும் நன்றி. தேதி கேட்டேன். விதைத்த தேதி சொன்னாள், அறுக்கும் தேதி தெரியவில்லை. அடுக்குமாடி வீட்டு வாசல் நடைபாதையில் சின்னதாக ஒன்று வைத்துப் பழக்கலாமா?

கீரைக்கட்டு
வைக்கலாம் அக்கா. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், கைப்பிடிச் சுவர்மேல் எதையும் வைக்கக்கூடாது. பம்பு இல்லாமல், மூடியுள்ள 5 லிட்டர் வாளியில் கங்கோங் கீரை நான்கு செடி போதும். தொடக்கத்தில் தண்ணீர், மூடித் துளையில் செடியைத் தாங்கும் வலைக்கிண்ணத்தின் அடியைத் தொட வேண்டும். வேர் இறங்கியபின் மேல்மட்டம் குறையட்டும், காற்று படும் வேர் அங்கேதான் உருவாகும். மறுபடி விளிம்புவரை ஊற்றினால் அந்த வேர் மூழ்கிச் செடி வாடும், பாதிவரை நிரப்பினால் போதும்.

மூடியில் கிண்ணத்தைச் சுற்றி இடைவெளி இருந்தால் பஞ்சால் அடையுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். சனிக்கிழமை தோறும் மூடியைத் திறந்து புழு இருக்கிறதா என்று பார்ப்பது மகளின் வேலையாக இருக்கட்டும். பார்த்ததும் தேதி போட்டு எழுதட்டும்.