நூல்கோலா, சுவிஸ் சார்டா? கோத்தகிரியில் ஒற்றைப் பாத்திக்கு எதைத் தேர்வது?

கேள்வி – கோத்தகிரி வீட்டுத்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம், தேயிலைச் சரிவை ஒட்டி, பத்தடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஒரே ஒரு மேட்டுப்பாத்தி இருக்கிறது. முன்பு குடியிருந்தவர்கள் அதில் பல ஆண்டுகள் முட்டைகோஸ் மட்டுமே போட்டு வந்ததாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு நான் அதில் நூல்கோல் நட்டேன். நாற்றுகள் நன்றாகவே பிடித்தன. ஆனால் ஒரு மாதம் கழித்து, மண் ஈரமாக இருந்த நாட்களிலும் இலைகள் நண்பகலில் துவண்டு, மாலையில் நிமிர்ந்து, மறுநாள் மறுபடியும் துவண்டன. இரண்டு மாதம் கடந்தும் காய் எலுமிச்சம்பழ அளவைத் தாண்டாததால், சலிப்பில் தரைமட்டத்தில் வெட்டி எறிந்துவிட்டேன்.

இப்போது உறவினர் ஒருவர் சுவிஸ் சார்டு என்னும் கீரையின் விதை கொடுத்திருக்கிறார். வீட்டில் நாங்கள் நால்வர். என் மாமியாருக்கு நூல்கோல் சாம்பார் என்றால் உயிர். சார்டை எங்களில் எவரும் சுவைத்ததுகூட இல்லை. மாமியாருக்கு ஒரு முறை சிறுநீரகக் கல் வந்து குணமாகியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். புரட்டாசி மழைக்கு முன் முடிவு செய்ய வேண்டும். எதை நடலாம்?

மறுமொழி 1 – மன்னவனூர் மேடு

நான் கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் இரண்டையும் வளர்த்திருக்கிறேன். சார்டு என்பது பீட்ரூட்டின் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே இனம். பீட்ரூட்டைக் கிழங்குக்காகவும் சார்டை இலைக்காகவும் மனிதர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். நூல்கோலோ முட்டைகோஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் உண்பது வேர் அன்று, மண்ணுக்கு மேலே உருண்டு திரளும் தண்டு. பெயரில் நூலும் இல்லை, கோலும் இல்லை. குமிழ்க் கோஸ் என்று பொருள்படும் டச்சுச் சொல்லான ‘க்னோல்கோல்’ நம் வாயில் புகுந்து இப்படி ஆனது.

தோட்டக்காரர் கண்ணோடு பார்த்தால், நூல்கோல் நாள் பார்த்து அறுக்க வேண்டிய பயிர். நட்டு ஐம்பது அறுபது நாளில், காய் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் குறுக்களவு வந்ததும் எடுத்துவிட வேண்டும். பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் அடிப்பக்கம் நார் ஓடி, கத்தி இறங்காது. தண்ணீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் காய் வெடிக்கும். சார்டுக்கு இந்த அவசரம் இல்லை. வெளி இலைகளை அடியோடு ஒடித்து எடுத்துக்கொண்டு நடுக்குருத்தை விட்டுவைத்தால், அது மாதக்கணக்கில் தழைத்துக்கொண்டே இருக்கும். நால்வருக்கு எட்டுப் பத்துச் செடி போதும். பாத்தி முழுவதும் போட்டால் கீரையைத் தெருவுக்கே பங்கிட வேண்டியிருக்கும்.

ஆயினும் என் ஓட்டு நூல்கோலுக்குத்தான். கடையில் கிடைப்பதுதானே என்று எண்ண வேண்டாம். மண்டிக்குப் போவது எடைக்காக முற்றவிட்ட காய். பிஞ்சில் பறித்து, தோல் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள். அதைக் கடையில் வாங்கவே முடியாது. பாத்தியைச் சுற்றிக் கடுகு விதைத்துவிட்டால் கோஸ் இனப் பயிர்களைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகின் பக்கம் போகும், காய் தப்பிக்கும்.

மறுமொழி 2 – கேத்திப் பள்ளத்தாக்கு விவசாயி

மேலே எழுதிய நண்பர் சுவையைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் கேள்வியில் இருக்கும் நோய்க்குறியை அவர் கவனிக்காமல் தாண்டிவிட்டார்.

ஈரமண்ணில் நண்பகலில் துவண்டு மாலையில் நிமிரும் கோஸ் இனச் செடி, பல ஆண்டு முட்டைகோஸ் மட்டுமே கண்ட பாத்தி, இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்ட நீலகிரி மண்: இம்மூன்றும் சேர்ந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் சந்தேகிப்பது கிளப் ரூட் என்னும் வேர்வீக்க நோயைத்தான். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் வேர்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்துவிடுவதால், வேர் தண்ணீரை மேலே அனுப்ப முடியாமல் போகிறது. நீங்கள் தரைமட்டத்தில் வெட்டியதால் வேர்க்கட்டை இன்னும் மண்ணிலேயே இருக்க வாய்ப்புண்டு. ஒன்றிரண்டைத் தோண்டிப் பாருங்கள். மெல்லிய நார்வேர்களுக்குப் பதிலாக, இஞ்சி போல விரல் விரலாகத் தடித்த கட்டிகள் இருந்தால் ஐயமே வேண்டாம்.

அப்படியிருந்தால் அந்தப் பாத்தியில் நூல்கோல் மட்டுமல்ல, முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, டர்னிப், கடுகு எதுவுமே கூடாது. கடுகும் அதே குடும்பம் என்பதால், பூச்சிக்குப் பொறியாக வைக்கப் போய் நோய்க்கு விருந்து வைத்ததாகிவிடும். இந்த நுண்ணுயிரின் வித்துகள் பயிரே இல்லாமலும் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண்ணைப் பரிசோதித்து, டோலமைட்டோ சுண்ணாம்போ இட்டு, கார அமில நிலையை (pH) ஏழுக்குச் சற்று மேலே கொண்டுவந்தால் நோயின் வேகம் குறையும். ஒரே போகத்தில் தீர்ந்துவிடாது.

சார்டுக்கு இந்த நோய் வராது. சுண்ணாம்பிட்ட மண் அதற்குப் பிடிக்கவே செய்யும். எனவே உங்கள் பாத்தியைப் பொறுத்தவரை சுவைப் போட்டிக்கே இடமில்லை. மண்ணே முடிவு செய்துவிட்டது.

மறுமொழி 3 – தலைகுந்தா

சார்டு விதைப்பதானால் சில செய்திகளைச் சொல்கிறேன். விதை என்று நம் கையில் இருப்பது உண்மையில் ஒரு சிறு காய்க்கொத்து. அதற்குள் இரண்டு மூன்று விதைகள் இருக்கும். இரவு முழுவதும் ஊறவைத்து விதையுங்கள். ஒரே குழியில் மூன்று முளை வந்தால் மனம் இளகாமல் இரண்டைக் கிள்ளிவிட்டு, செடிக்குச் செடி ஓரடி இடைவெளி கொடுங்கள். தொடர்மழையில் இலையில் சாம்பல்நிற நடுவும் செவ்விளிம்பும் கொண்ட புள்ளிகள் வரும். பீட்ரூட்டைத் தாக்கும் அதே இலைப்புள்ளி நோய்தான். புள்ளி விழுந்த இலைகளை அன்றன்றே பறித்துவிடுங்கள், பீட்ரூட்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பனியைப் பற்றியும் கேட்பார்கள். எங்கள் பள்ளத்தில் மார்கழி, தை மாதங்களில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். லேசான உறைபனியைச் சார்டு தாங்கும். இளம் நூல்கோல் நாற்று ஒரு வாரத்துக்கு மேல் பத்து டிகிரிக்குக் கீழான குளிரில் நின்றால், காய் திரளாமல் பூந்தண்டு விட்டுவிடும் அபாயம் உண்டு.

சமையலில் தண்டையும் இலையையும் ஒன்றாகப் போட வேண்டாம். தண்டைப் பொடியாக நறுக்கி முதலில் வதக்கி, அது பாதி வெந்த பிறகு இலையைச் சேர்த்துத் தேங்காய்த் துருவலோடு பொரியலாக இறக்குங்கள். பீட்ரூட்டின் மண்வாசனை லேசாக இருக்கும். பாசிப்பருப்போடு மசித்தால் அது தெரியாது.

உங்கள் மாமியார் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்னும் உப்பு சார்டில் மிகுதி. கல் வந்தவர்கள் பலருக்கு மருத்துவர்கள் குறைக்கச் சொல்வது அதைத்தான். நிறைய தண்ணீரில் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் ஓரளவு குறையும் என்றாலும், அவருடைய மருத்துவரைக் கேட்காமல் தட்டில் வைக்காதீர்கள். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே சார்டில் மிக அதிகம்.

கேள்வி கேட்டவர் – கோத்தகிரி வீட்டுத்தோட்டம்

இன்று காலை நான்கு இடங்களில் தோண்டினேன். மூன்றில் வேர் மட்கிப் போயிருந்தது. நான்காவதில் கட்டைவிரல் பருமனில், பழுப்பேறிய, பாதி அழுகிய கட்டிகள் வந்தன. கேத்தி நண்பர் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. இதுவரை குற்றத்தை எல்லாம் நாற்று விற்றவர் தலையில் போட்டு வந்திருக்கிறேன். பாத்தியில் பத்துச் சார்டும் மீதிக்குப் பீன்ஸும் போடப் போகிறேன். மாமியாருக்காக, வாசல் பக்கம் பழைய சாக்குகளில் வெளியிலிருந்து வாங்கிய புது மண்ணும் தொழுவுரமும் நிரப்பி, பன்னிரண்டு நூல்கோல் நட எண்ணம். அதில் தவறு ஏதும் உண்டா?

மறுமொழி 4 – கேத்திப் பள்ளத்தாக்கு விவசாயி

தவறில்லை, ஆனால் அந்தப் புது மண் கோஸ் விளைந்த காட்டிலிருந்து வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறக்குங்கள். தோண்டி எடுத்த கட்டிகளை உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். பாத்தியில் புழங்கிய மண்வெட்டியையும் செருப்பையும் மண் போகக் கழுவாமல் அந்தச் சாக்குகளின் பக்கம் போகாதீர்கள்.