சூடோஅனியூரிசம்: ‘போலி’ வேண்டாம், ‘துளைப்புடைப்பு’ எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், சூடோஅனியூரிசத்துக்கு (pseudoaneurysm: தமனியில் விழுந்த துளை வழியே ரத்தம் வெளியேறிப் பையாகத் தேங்கும் புடைப்பு) ‘போலித் தமனி வீக்கம்’ என்று முன்மொழிந்திருந்தீர்கள். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் என் வீட்டில் நடந்தது.

தோவாளைப் பக்கம் வயல் பார்க்கும் என் அப்பாவுக்குத் தொடை வழியாக ஆஞ்சியோ (தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்தி இதய ரத்தக்குழாய்களைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். மூன்றாம் நாள், குழாய் செருகிய இடம் எலுமிச்சை அளவுக்குப் புடைத்தது. கை வைத்தால் துடித்தது. மருத்துவமனைக்குப் போன் செய்தோம். எடுத்தவர், “பொய் வீக்கமா இருக்கும், வந்து காட்டுங்க” என்றார். அப்பா முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். “பொய்தானே மக்களே, தன்னால வத்திரும்” என்று இரண்டு நாள் வயலுக்குப் போய்வந்தார். வலி தாங்காமல்தான் மூன்றாம் நாள் கிளம்பினார்.

அவர் தொடையில் இருந்தது பொய்யே இல்லை. ஆஞ்சியோவுக்காகத் தமனியில் போட்ட துளை, குழாயை எடுத்து அழுத்திப் பிடித்ததும் அடைபட வேண்டும். அடைபடாவிட்டால் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் அதன் வழியே வெளியேறி, சுற்றியுள்ள சதைக்குள் பை மாதிரித் தேங்கும். கொஞ்சம் திரும்பித் தமனிக்குள்ளும் போகும். இந்தப் போக்குவரத்து டாப்ளர் ஸ்கேனில் தெரியும். பை பெரிதாகி உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவர்கள் ‘போலி’ என்பதற்கு நியாயம் உண்டு. மெய்யான அனியூரிசத்தில், அதாவது தமனி வீக்கத்தில், தமனிச் சுவரின் மூன்று அடுக்கும் சேர்ந்து விரிகின்றன. இதில் சுவர் விரிவதே இல்லை. வகைப்படுத்த அது உதவும். ஆனால் நோயாளியின் காதில் விழும்போது? போலி மருந்து, போலிப் பத்திரம் என்றே கேட்டுப் பழகியவர்கள் நாம். பந்தல் பந்தராவதைக் கடைப்போலி என்று இலக்கணம் மதிப்போடு சொல்கிறது, சரி. அந்த மதிப்பு வார்டுக்குள் வராது.

முதலில் ‘கசிவுப் புடைப்பு’ என்று யோசித்தேன். ஆனால் சாதாரண ரத்தக்கட்டும் கசிந்த ரத்தம்தானே? ரத்தக்கட்டில் துளை மூடிவிட்டது, வெளியே வந்த ரத்தம் உறைந்து கிடக்கிறது. இங்கே துளை இன்னும் திறந்திருக்கிறது. சொல் காட்டவேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

வழி காட்டியவர் அப்பாவே. ஸ்கேன் பார்த்த டாக்டர் தாளில் படம் வரைந்து விளக்கியதும், “வரப்புல நண்டு வளை போட்ட கணக்கா?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பேச்சிப்பாறைத் தண்ணீர் வந்து வயலில் நிற்கும். வரப்பு பார்க்க முழுசாகத்தான் இருக்கும். நண்டு போட்ட வளை வழியே தண்ணீர் அடுத்த வயலில் போய்த் தேங்கும். அங்கே இறைத்துப் பயனில்லை, வளையை அடைக்க வேண்டும். சிகிச்சையும் அப்படித்தான். சிறியவை சில தானே உறைந்து அடைபடும், கண்காணித்தால் போதும். மற்றவற்றுக்கு ஸ்கேன் கருவியாலேயே துளையின் மேல் அழுத்துவார்கள், அல்லது பைக்குள் த்ராம்பின் ஊசி போட்டு ரத்தத்தை உறையவைப்பார்கள். அதற்கும் கட்டுப்படாதவற்றுக்கு அறுவை. அப்பாவுக்கு ஊசியே போதுமானதாக இருந்தது.

‘வளைப்புடைப்பு’ என்றே வைக்க ஆசைதான். ஆனால் வயல் தெரியாதவர்கள் ‘வளைந்த புடைப்பு’ என்று படித்துவிடுவார்கள். அதனால் ‘துளைப்புடைப்பு’. காயம், நோய்த்தொற்று என்று வேறு காரணத்தால் வந்தாலும் சுவரில் வழி திறந்திருக்கும் என்பதால் பொருந்துகிறது.

‘இப்போது மணிக்கட்டு வழியாகத்தானே செய்கிறார்கள், இந்தச் சொல் தேவையா’ என்று ஒருவர் கேட்டிருந்தார். 1989இல் கனடா மருத்துவர் காம்போ மணிக்கட்டு வழி ஆஞ்சியோவை வெளியிட்ட பிறகு அந்த வழி பெருகியது உண்மை, தொந்தரவும் குறைந்தது. ஆனாலும் இதய வால்வு மாற்றுவது போன்ற, தடித்த குழாய் வேண்டிய வேலைகளுக்குப் பெரும்பாலும் தொடைதான் வழி. மணிக்கட்டிலும் இது அரிதாக வரும்.

டிசெக்‌ஷனுக்குச் சொன்ன ‘தமனிக் கிழிவு’ பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே உள்ளடுக்கு கிழிந்து, ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிரிக்கிறது. கிழிவு என்றால் சுவர் முழுதும் கிழிந்ததாகப் படுகிறது. ‘அடுக்குப்பிரிவு’ எனக்குப் பிடித்திருக்கிறது.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் தமனியை நாடி என்பீர்கள். ‘நாடித் துளைப்புடைப்பு’ உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?