நாய் பூனை பார்த்துக்கொண்டே மலையில் சுற்றிப் பிழைக்க முடியுமா?

மேட்டுப்பாளையம் பஸ் (திருப்பூர்)
வணக்கம். வயது 31. எட்டு வருஷமாக ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மலைக்கு பஸ் ஏறிவிடுகிற ஆள். போன நவம்பரில் குன்னூரில் தெரிந்தவர் வீட்டில் பத்து நாள் தங்கி அவர்களுடைய லேப்ரடாரைப் பார்த்துக்கொண்டேன். காலையில் நானும் அவனும் தேயிலைக்கு நடுவே பனியில் நடப்போம், அவன் ஒரு குறிப்பிட்ட கல்வெர்ட் வந்ததும் நின்று மோந்து பார்த்துவிட்டு, போதும் திரும்பு என்கிற மாதிரி என் முகத்தைப் பார்ப்பான். திரும்பி வந்ததிலிருந்து கணக்கில் மனசே ஓடவில்லை. இதையே தொழிலாக, வீடு வீடாக, ஊர் ஊராகப் போய்ச் செய்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? மாதம் எவ்வளவு கையில் நிற்கும்? பெண் தனியாகத் தங்கலாமா? வீட்டில் "படிக்க வைத்தது நாய்க்குச் சோறு வைக்கவா" என்று அம்மா ஆரம்பித்துவிட்டார்.

அட்டைக்கடி (கோத்தகிரி)
நாலு வருஷமாகச் செய்கிறேன். முடியும், ஆனால் அந்தப் பத்து நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

முதலில் காசு. நாளைக்கு 800 வாங்குகிறேன், இரண்டு நாய் என்றால் 1,000. மாதம் 25 நாள் வேலை இருந்தால் ராஜா, ஏப்ரல் மே இரண்டு மாதமும் ஈ ஓட்ட வேண்டும், ஏனென்றால் சீசனில் வீட்டுக்காரர்களே மலைக்கு வந்துவிடுவார்கள். நல்ல வேலை தருவது ரிட்டயர் ஆன தம்பதிகள். மகள் பிரசவம் என்று அமெரிக்கா கிளம்பினால் ஐந்தாறு மாதம் வீடு உங்களுடையது. உங்களுக்குக் கணக்கு தெரியும் என்பதால் சொல்கிறேன், இரண்டு மூன்று கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டன் போட்டுக் கொடுக்கிற வேலையைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள், அதுதான் அரிசி வாங்கும்.

அப்புறம் சுற்றுவது. எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை நாய்தான் முடிவு பண்ணும். எனக்குப் பிடித்த இடம் லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர், 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. காப்புக்காடு, அங்கே நாயோடு போகிற பேச்சே இல்லை. எட்டு மணிக்குச் சோறு வைத்துவிட்டு, அது படுத்ததும் கிளம்பி, பதினொன்றரைக்குள் கதவைத் திறந்துவிடுவேன். முழுநாள் மலையேற்றம் எல்லாம் இரண்டு வேலைக்கு நடுவே விழுகிற இடைவெளியில்தான்.

சிறுத்தை விஷயத்தை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். நீலகிரியில் அதற்கு நாய் சுலபமான இரை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசலில் கட்டிப்போடவே கூடாது, காம்பவுண்டு சுவர் இருக்கிறதே என்று நினைக்கவும் கூடாது, அது சாவகாசமாகத் தாண்டி வரும். காட்டெருமை பாதையில் நின்றால் நாயை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள், குரைக்க விட்டால் அது உங்கள் பக்கம்தான் வரும்.

ஒரு தடவை ஒரு சிப்பிப்பாறை நாயைப் பார்த்துக்கொண்டேன். அந்த வகைக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம், சாதாரணக் கழுத்துப்பட்டை நிற்காது, எனக்கு அப்போது தெரியாது. முயல் ஒன்று குறுக்கே ஓடியது, என் கையில் வெறும் பட்டை. இரண்டு மணி நேரம் தேயிலைக்குள் கத்திக்கொண்டு அலைந்தேன், வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வேறு மனசுக்குள் தயார் செய்துகொண்டே. கடைசியில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் ஒரு பாட்டியின் திண்ணையில் நாய் ரசம் சோறு தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கே மார்பைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் வாங்கினேன், இன்று வரை அது என் பையில்தான் இருக்கிறது.

காப்பிச்செடி (ஏற்காடு)
நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது வீட்டுக்காரி. வயது 66. பையன் வெளிநாட்டில், போன வருஷம் ஐந்து மாதம் போயிருந்தோம். முதலில் வந்த பையன் ரொம்ப நல்லவன், மலை என்றால் உயிர். அதனால் காலை ஆறுக்கு நாயை வீட்டில் பூட்டிவிட்டு ராத்திரி ஏழுக்கு வருவான். பக்கத்து எஸ்டேட் கணக்குப்பிள்ளை போன் பண்ணித்தான் எனக்குத் தெரியும். இரண்டாவதாக ஒரு பெண் வந்தாள், எங்கள் நாய் மூன்று நாள் கேட்டிலேயே படுத்துச் சாப்பிடாமல் இருந்தபோது இவளும் தட்டை எடுத்துக்கொண்டு போய் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நாலாம் நாள் அது அவள் தட்டில் வாய் வைத்துவிட்டது. தினமும் வீடியோ காலில் நாயைக் கூப்பிடாதீர்கள் அம்மா, குரலைக் கேட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறது என்று எனக்கே கண்டிப்பாகச் சொன்னாள். கோபம் வந்தது, ஆனால் சரிதான். உனக்குச் சுற்றப் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடும்மா, எத்தனை மணி நேரம் வெளியே போவாய் என்பதையும் சேர்த்து. மறைத்தால்தான் பிரச்சினை.

ஊசிமருந்து (தேனி)
கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். நாய்க்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறீர்கள், உங்களுக்குப் போட்டாயிற்றா? இந்த வேலைக்கு வருகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். 0ஆம் நாள் (முதல் ஊசி போடும் நாள்), 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். அப்படிப் போட்டிருந்தால் பின்னால் கடிபட்டாலும் 0, 3ஆம் நாள் என்று இரண்டே ஊசி, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுவது, முன்பே ஊசி போட்டவர் போடாதவர் இருவருக்கும் பொது. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

நடந்துவிட்டு வந்ததும் காது மடிப்பு, கால்விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் விரலால் தடவி உண்ணி பாருங்கள். ஈறு வெளுத்து, சாப்பாடு குறைந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். அதற்குச் செலவு யாருடையது, எவ்வளவு வரை கேட்காமல் செய்யலாம் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அவர் விமானத்தில் இருக்கும்போதுதான் நாய்க்கு வரும்.

கட்டிலுக்கடியில் (கொடைக்கானல்)
அக்கா, சுற்றத்தான் ஆசை என்றால் பூனை வீடாகப் பிடியுங்கள். யாரும் சொல்வதில்லையே என்று ஆச்சரியம். காலையில் வைத்துவிட்டு நான் வட்டக்கானல் பக்கம் இறங்கிச் சாயங்காலம் வந்தால் அது தலையைக்கூடத் தூக்காது. முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் வால் மட்டும் தெரியும், இழுக்காதீர்கள், தட்டை உள்ளே தள்ளிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஆனால் ஒரு நாளுக்கு மேல் ஒன்றும் தின்னவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போடுங்கள், பூனைக்குப் பட்டினி ஆகாது, கல்லீரலைப் பிடிக்கும்.

தனியாகத் தங்குவது பற்றி: நானும் பெண்தான். வீட்டுக்காரர் கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பே போய் அவர்களோடு ஒரு ராத்திரி தங்குவேன். அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்கு என்னை அவர்களே நேரில் அறிமுகம் செய்ய வேண்டும். அதற்குச் சலித்துக்கொண்டால் அந்த வீடு வேண்டாம். இதுவரை மூன்று வீட்டை விட்டிருக்கிறேன்.

மேட்டுப்பாளையம் பஸ் (திருப்பூர்)
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் காப்பிச்செடி அம்மா எழுதியதைப் படித்துக் காட்டினேன், ஐந்து மாதத்துக்கு எவ்வளவு கொடுத்தார்களாம் என்று மட்டும் கேட்டார். வேலையை இப்போதைக்கு விடவில்லை. குன்னூர் வீட்டில் டிசம்பரில் மூன்று வாரம் கூப்பிட்டிருக்கிறார்கள், லீவு சொல்லிவிட்டேன், ஊசி நாளை முதல் டோஸ். ஒரே சந்தேகம், அவனுக்குப் பதினொரு வயது ஆகிவிட்டது, ராத்திரி மூன்று மணிக்குக் கதவைச் சுரண்டி எழுப்புவான், ஒன்றுக்குப் போக. சிறுத்தை என்று சொன்னதிலிருந்து அதே யோசனை.

அட்டைக்கடி (கோத்தகிரி)
படுக்கப் போகும் முன் பத்து மணிக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள், பாதி நாள் மூன்று மணி தானாக நின்றுவிடும். மீதி நாளுக்கு, வெளி லைட்டைப் போட்டு, இரண்டு நிமிஷம் பொறுத்து, டார்ச்சோடு நீங்கள் முதலில் படி இறங்கி நாலு பக்கமும் அடித்துப் பாருங்கள், அப்புறம்தான் அவன், அதுவும் கயிற்றில். நடுவில் அவன் ஒரு பக்கமே பார்த்து நின்றுவிட்டால் எதற்கு என்று தேடிக்கொண்டு இருக்காதீர்கள், இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள். வாசல் மிதியடி நனைந்தால் காலையில் காய வைத்துக்கொள்ளலாம்.