‘ஆட்டோரன்ஃபில்ம்’ – தமிழில் ‘ஆக்குநர் படம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

புதிய ஜெர்மன் சினிமா (1960களில் இளம் இயக்குநர்கள் தொடங்கிய இயக்கம்) பற்றிய கலைச்சொற்களைத் தமிழாக்குவதில் இழுபறியாக நிற்பது ‘ஆட்டோரன்ஃபில்ம்’ ஒன்றுதான். ‘ஆட்டோரன்’ என்றால் ஜெர்மனில் ஆசிரியர்கள்; நூலுக்கு ஆசிரியர்போல, படத்துக்கு ஒருவரே முழுப் பொறுப்பேற்று எடுக்கும் முறையை இச்சொல் குறிக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘இயக்குநர் படம்’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆசிரியர் என்று பொருள்படும் ‘ஓத்தர்’ என்ற சொல்லைப் பயன்படுத்திய பிரெஞ்சு விமர்சகர்கள் ஸ்டூடியோவுக்காக வேலை செய்த இயக்குநரிடமும் தனி முத்திரையைத் தேடினார்கள்; அதற்கு ‘இயக்குநர் படம்’ பொருந்தும். ஜெர்மன்காரர்கள் கேட்டது வேறு.

1962 பிப்ரவரி 28 அன்று ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் இளம் ஜெர்மன் திரைப்படக்காரர்கள் 26 பேர் கையெழுத்திட்ட அறிக்கையில், பழைய படம் செத்துவிட்டது என்ற வரியைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறோம். அதற்கு முன்னால் வருவதைப் படியுங்கள். தொழில்துறை வழக்கங்களிலிருந்தும் வணிகக் கூட்டாளிகளின் தலையீட்டிலிருந்தும் விடுதலை கேட்கிறார்கள். உடனே, பண நஷ்டம் வந்தாலும் சேர்ந்து சுமக்கத் தயார் என்கிறார்கள். இங்கே பேச்சு முழுக்கப் பொறுப்பைப் பற்றியது.

நடைமுறையும் அப்படியே அமைந்தது. 1965இல் தொடங்கிய இளம் ஜெர்மன் திரைப்படக் குழுமம் திரைக்கதையைப் படித்துப் பார்த்து வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அந்த உதவியோடு இயக்குநர் அலெக்சாண்டர் க்ளூகே எடுத்த முதல் முழுநீளப் படம் 1966இல் வெனிஸில் பரிசு வாங்கியது. கதை அவர் எழுதியது, திரைக்கதையும் இயக்கமும் அவரே, தயாரிப்பிலும் அவருடைய நிறுவனம். 1971இல் மியூனிக்கில் இயக்குநர் விம் வெண்டர்ஸ் முதலானோர் சேர்ந்து தயாரிப்புக்கும் விநியோகத்துக்குமாகத் தொடங்கிய அமைப்புக்கு வைத்த ‘ஃபில்ம்ஃபெர்லாக் டெர் ஆட்டோரன்’ என்ற பெயரிலேயே ‘ஃபெர்லாக்’, அதாவது பதிப்பகம், இருக்கிறது. நூலுக்கு ஆசிரியர் எப்படியோ படத்துக்கு இவர்கள் அப்படி.

‘எழுத்தாளர் படம்’ என்றால் நம்மவர்கள் நாவலைப் படமாக்கியது என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘படைப்பாளி சினிமா’ நெருங்கி வருகிறது, ஆனால் அது பாராட்டாக ஒலிக்கிறது. கலைச்சொல் மோசமான படத்துக்கும் பொருந்த வேண்டும். இந்த முறையில் எடுத்துச் சொதப்பிய படமும் ஆட்டோரன்ஃபில்ம்தானே?

ஆகவே ‘ஆக்குநர் படம்’ என்று முன்மொழிகிறேன். நன்னூலின் சிறப்புப் பாயிர இலக்கணத்தில் முதலில் வருவதே ‘ஆக்கியோன் பெயர்’தான், வேர் நம்மிடமே இருக்கிறது. அந்த வடிவத்தை அப்படியே எடுக்காததற்குக் காரணம் அதன் ஆண்பால் விகுதி. 1981இல் வெனிஸில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய பெண் இயக்குநர் மார்கரெத்தே ஃபொன் ட்ரோட்டாவை ‘ஆக்கியோன்’ என்று எப்படி எழுதுவது? ‘ஆக்குநர்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை, இயக்குநரோடு ஓசையும் ஒத்துப்போகிறது.

தயாரிப்பாளரோடு குழம்பும் என்று சிலர் சொல்லலாம். க்ளூகே விஷயத்தில் இரண்டும் ஒரே ஆள்தான் என்பதால் அதை நான் குறையாக நினைக்கவில்லை. மியூனிக் அமைப்பை ‘ஆக்குநர் திரைப்பதிப்பகம்’ எனலாம். மாற்றுச் சொல் இருந்தால், க்ளூகேயின் அந்தப் படத்தையும் ட்ரோட்டாவின் படங்களையும் வைத்து ஒரு வாக்கியத்தில் பயன்படுத்திக் காட்டி எழுதுங்கள்.