சேவைத் தளத்தின் முகப்பில் எது முதலில் வரவேண்டும்?

கேள்வி: வைகைக்கரை

அரசுச் சேவைத் தளம் ஒன்றை மறுவடிவமைக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இப்போதைய முகப்பில் துறைகளின் பெயர்கள் அகர வரிசையில் நிற்கின்றன. ஓடும் அறிவிப்புகள் பாதித் திரையை அடைத்துக்கொள்கின்றன. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க என்னென்ன சான்றுகள் வேண்டும் என்று தேடி வரும் ஒருவர், அவற்றை எந்தத் துறை வழங்குகிறது என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டுமா? மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி: பழைய நிரலர்

2012 அக்டோபரில் பிரிட்டன் அரசு பொதுமக்களுக்கான டைரக்ட்கவ், தொழில் நடத்துவோருக்கான பிசினஸ்லிங்க் ஆகிய தளங்களுக்கு மாற்றாகக் கவ்.யூகே என்ற ஒரே தளத்தைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குழுவின் வடிவமைப்பு நெறிகளில் முதலாவது, தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. அது பயனரின் தேவையே அன்றி அரசின் தேவை அன்று என்ற குறிப்பையும் உடன் சேர்த்திருந்தார்கள். சிறிய முடிவுகளிலும் இது தெரியும். பிறந்த தேதிக்கு நாள்காட்டியைத் திறந்து காட்டாமல், நாள், மாதம், ஆண்டு என மூன்று கட்டங்களைத் தருகிறார்கள். 1958இல் பிறந்தவரை மாதம் மாதமாகப் பின்னோக்கி நடக்கவைப்பது எவ்வளவு வீண் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி: மையக்காரர்

பிரிட்டன் கதை நல்லதுதான். ஆனால் இங்கே விண்ணப்பத்தை நிரப்புபவர் பெரும்பாலும் விண்ணப்பதாரர் அல்லர். இ-சேவை மையத்தில் அமர்ந்திருக்கும் என் போன்றவர். ஒரு பாட்டி வருகிறார், கேன் எண் (இ-சேவையில் விண்ணப்பிக்க ஒவ்வொருவருக்கும் தரப்படும் பதிவு எண்) பெறுவதற்கான ஓடிபி திருப்பூரில் வேலை செய்யும் மகனுடைய கைபேசிக்குப் போகிறது, அவர் ஷிப்டில் இருக்கிறார், நேரம் முடிந்துவிடுகிறது. அடுத்தது பெயர். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கும் படிவத்தில் நாங்கள் தகப்பனார் பெயரை எழுதுகிறோம். ஆதாரில் அது தலைப்பெழுத்தாக மட்டும் இருந்தால், பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. முழுப்பெயருக்கு ஒரு கட்டமும் தலைப்பெழுத்துக்கு ஒரு கட்டமும் போதும். எல்லாவற்றையும்விட, “ஆவணம் சரியில்லை” என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். எந்த ஆவணம், என்ன குறை என்று ஒரு வரி எழுதினால், அந்தப் பாட்டிக்கு இன்னொரு நாள் கூலி மிச்சம்.

மறுமொழி: எழுத்தாணி

ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாக் கணினியிலும் தமிழ் எழுத்து ஒன்றுபோலத் தெரியவும் தேடவும் உதவும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஸ்கேன் செய்த படமாகவே ஓர் அரசாணையை ஏற்றினால், தேடுபொறிக்கும் அது எளிதில் அகப்படாது, பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கும் அது பெரும்பாலும் வெற்றுத் தாள்தான். தமிழாக்கத்திலும் கவனம் வேண்டும்: மக்கள் “வில்லங்கம் பார்க்க வேண்டும்” என்கிறார்கள், தேடல் பெட்டிக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டவர்: வைகைக்கரை

நன்றி. துறைப் பட்டியலைக் கீழே இறக்கிவிட்டு, கல்லூரிச் சேர்க்கை, நிலம் வாங்குதல், குடும்பத்தில் இறப்பு என்ற வரிசையில் ஒரு மாதிரி முகப்பைச் செய்கிறேன். மையக்காரர் ஐயா, சேர்க்கைக் கூட்டம் மிகுந்திருக்கும் நாள் ஒன்றில் உங்கள் மையத்தில் ஓரமாக அமர்ந்து பார்க்க அனுமதிப்பீர்களா?

மறுமொழி: மையக்காரர்

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம் வாருங்கள். உட்கார இடம் இருக்காது. நின்றுதான் பார்க்க வேண்டும்.