அரிசிக்கு உச்ச விலை: சில்லறைக் கடைக்காரர் மட்டுமா குற்றவாளி?

கேள்வி (இலங்கை, வவுனியாவிலிருந்து):
நான் சிறியதொரு பலசரக்குக் கடை நடத்துகிறேன். 2024 டிசம்பரில் வெளியான வர்த்தமானியின்படி நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை கிலோவுக்கு 230 ரூபா, மொத்த விலை 225 ரூபா. எனக்கு அரிசி தருபவரோ கூடுதலாகப் பணம் வாங்கிக்கொண்டு, பற்றுச்சீட்டில் 225 என்றே எழுதுகிறார். நட்டத்துக்கு விற்பதா, வழக்கை எதிர்கொள்வதா?

பதில் 1:
கொள்விலை கூடியது என்பதற்காக உச்ச விலையைத் தாண்டி விற்க முடியாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பின்னர், தனிநபருக்கு முன்பு 1,000 ரூபாவில் தொடங்கிய தண்டம் 100,000 முதல் 500,000 ரூபா வரையும், கம்பனிக்கு 500,000 முதல் 50 இலட்சம் ரூபா வரையும் உயர்ந்துள்ளது. ஒரு மூடை அரிசியில் கிடைக்கும் இலாபத்தை நினைத்தால் இது சிறு கடைக்குத் தாங்காத சுமை என்பதே என் கருத்து.

பதில் 2:
இன்னொன்றையும் கவனியுங்கள். அரிசியைப் பின்னறையில் வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்வதும் தனிக் குற்றம். விலைப்பட்டியலைக் காட்சிப்படுத்தாததும் அப்படியே.

பதில் 3:
கட்டுப்படியாகாவிட்டால் அந்த அரிசியை வாங்காமல் விடுங்கள். வாங்குவதானால் பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள். பற்றுச்சீட்டுக்கும் செலுத்திய தொகைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டி, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் மொத்த வியாபாரிமீது முறையிடலாம். மொத்த விலைக்கும் உச்ச வரம்பு இருப்பதால் அவரும் அதே சட்டத்துக்குள் வருகிறார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அவர் வங்கிக் கணக்கு இலக்கம் தர மறுக்கிறார். ஏன் என்று இப்போது விளங்குகிறது.