சிங்கப்பூர் குடிபோகுமுன் மருந்து, தடுப்பூசி, இன்சூரன்ஸ்: ஊரிலேயே முடிக்க வேண்டியது எது?

பாமணி (மன்னார்குடி):
வணக்கம். இரண்டு மாதத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வேலைக்கான அனுமதி) சிங்கப்பூர் போகிறேன். மனைவியும் இரண்டரை வயதுப் பையனும் டிபென்டன்ட் பாஸில் (குடும்பத்தாருக்கான அனுமதி) கூட வருகிறார்கள். மனைவிக்குத் தைராய்டுக்காகத் தினம் தைராக்சின் 75 மைக்ரோகிராம். அம்மா ஊரில்தான் இருப்பார், பொங்கல் கழித்து ஒரு மாதம் வந்து போவார். அவருக்குக் காலை 20, இரவு 12 யூனிட் இன்சுலின், குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துப் போடுவது. பையனுக்குத் தடுப்பூசி எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டது. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஃப்ளோட்டர் பாலிசி (குடும்பத்துக்கு மொத்தமாக எடுக்கும் மருத்துவக் காப்பீடு), நாலாவது வருடம் ஓடுகிறது. வெளிநாடு போன பிறகு அது எதற்கு, விட்டுவிடலாமா? மருந்து எவ்வளவு கொண்டு போகலாம்?

வெண்ணாறு:
முதலில் பையன் காகிதத்தைப் பாருங்கள், பாஸே அதில் மாட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் பிறந்த, 12 வயதுக்கு மேற்படாத பிள்ளைகளுக்கு டிபென்டன்ட் பாஸ் கேட்டால் தட்டம்மை, டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) இரண்டுக்கும் தடுப்பூசி போட்ட சான்று காட்ட வேண்டும். 2019 பிப்ரவரி 1 முதல் இதுதான் விதி.

நம்மூர் அட்டையில் "டிப்தீரியா" என்ற சொல்லைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. 6, 10, 14 வாரத்தில் போட்டதை "பென்டா" என்றுதான் எழுதியிருப்பார்கள். அதில் டிப்தீரியா, கக்குவான், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் (மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒரு கிருமி) என்று ஐந்துக்கும் மருந்து இருக்கிறது என்பது அந்த அட்டையைப் பார்க்கிற எல்லோருக்கும் புரியும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் ஆங்கிலத்தில் டைப் செய்த சான்று ஒன்று வாங்குங்கள்: பையன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில் (இனிஷியலை விரித்து), பிறந்த தேதி, ஒவ்வொரு தடுப்பூசிக்கும் நோயின் பெயர், போட்ட தேதி, கையெழுத்து, பதிவெண், சீல். ஒன்பது மாதத்தில் ஒன்று, 16–24 மாதத்தில் ஒன்று என இரண்டு தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது விட்டுப்போயிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள்.

குடமுருட்டி:
நான் மருந்துக்கடைக்காரன், மருந்து பற்றி மட்டும் சொல்கிறேன்.

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கையில் எடுத்துப்போக சிங்கப்பூரில் அனுமதி உண்டு. தூக்க மாத்திரை (அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம்), கோடீன் கலந்த இருமல் சிரப் போன்றவற்றுக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எச்.எஸ்.ஏ.விடம் முன்னதாகவே ஒப்புதல் வாங்க வேண்டும். புறப்படும் வாரத்தில் விண்ணப்பித்தால் கைக்கு வராது.

மாத்திரைப் பட்டையை வெட்டி வாங்காதீர்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போய்விடும். மருந்துச் சீட்டில் பிராண்டு பெயரோடு மூலப்பெயரையும் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) எழுதச் சொல்லுங்கள். நம் சர்க்கரை மாத்திரைகளில் இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்தவை நிறைய, அந்தக் கலவை அங்கே அப்படியே இருக்காது. மூலப்பெயரும் மில்லிகிராமும் தெரிந்தால் தனித்தனியாகக் கொடுப்பார்கள்.

இனி இன்சுலின். இதில்தான் உயிராபத்து. நம்மூரில் சாதாரணமாக விற்கும் குப்பி யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளிநாட்டில் கிடைப்பது யு-100, ஒரு மில்லியில் 100 யூனிட், சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அம்மா கொண்டுவந்த குப்பி தீர்ந்து, அங்கே வாங்கிய குப்பியில் இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சால் 20 கோடு வரை இழுத்தால் வருவது அரை மில்லி. அதில் 50 யூனிட் இருக்கும். இரண்டரை மடங்கு! தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவார். மாற்றிச் செய்தால், அதாவது நம்மூர் குப்பி, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு என்றால், 20 கோட்டுக்கு 8 யூனிட்தான் போகும், சர்க்கரை எகிறும். ஒரு மாதத்துக்குக் குப்பி, சிரிஞ்சு இரண்டையும் இங்கிருந்தே எடுத்துப்போவது பத்திரம். நாளுக்கு 32 யூனிட், முப்பது நாளைக்கு 960. பத்து மில்லி குப்பியில் 400 இருக்கும், ஆக மூன்று குப்பி. உடைந்தால் இருக்கட்டும் என்று இன்னொன்று.

குப்பி கைப்பையில்தான். சரக்கறையில் போகும் பெட்டியில் உறைந்துபோக வாய்ப்புண்டு. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. ஐஸ் பேக் நேரே குப்பியைத் தொடக்கூடாது, ஒரு துணி சுற்றுங்கள். ஊசிக்கு டாக்டர் கடிதம் தனியாக இருக்கட்டும்.

அங்கே சர்க்கரை பார்க்கும் மீட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டும். நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் அது. 180 என்றால் 10. 70 என்றால் 3.9. திரையில் 4-க்குக் கீழே வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள். "நாலுதானே" என்று விட்டுவிடப் போகிறார்.

வடவாறு:
பாலிசியை விடாதீர்கள். சாதாரண இந்திய பாலிசி வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது, உண்மைதான். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தைத் தாண்டிவிட்டீர்கள் (2024-க்குப் பிறகு அதன் உச்ச வரம்பு மூன்று வருடம்). விட்டுவிட்டு ஊர் திரும்பிய பின் புதிதாக எடுத்தால் முதலிலிருந்து எண்ணுவார்கள். ஃப்ளோட்டரில் பிரீமியம் மூத்தவர் வயதை வைத்துத்தான் போடுகிறார்கள், எனவே அம்மாவைத் தனி பாலிசிக்குப் பிரித்தால் உங்கள் பங்கு குறையும். பிரிக்கும்போது பழைய தொடக்கத் தேதி புது பாலிசித் தாளில் அச்சாகி இருக்கிறதா பாருங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது.

சிங்கப்பூர் பக்கம்: அரசு மருத்துவ மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் (வேறு இரண்டு வகை வேலை அனுமதிகள்) உள்ளவர்களுக்கு முதலாளி குறைந்தது வருடத்துக்கு 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) காப்பீடு எடுத்தாக வேண்டும் (2023 ஜூலை முதல்). எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேலைக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் கம்பெனியிடம் மூன்று கேள்வி: மனைவி, பிள்ளைக்கும் உண்டா, முன்பே உள்ள தைராய்டைச் சேர்ப்பார்களா, பிரசவம் உண்டா.

அம்மா வரும்போது பயணக் காப்பீடு, இந்தியாவை விட்டுப் புறப்படுமுன்பே. முன்பே உள்ள நோய்க்குப் பெரும்பாலான திட்டங்களில் உயிராபத்து என்றால் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள்.

கோரையாறு:
குழம்புப்பொடி, குருமா மசாலா கட்டும்போது கசகசா வேண்டாம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அது தடை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் துபாய் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: டிரமடால் கலந்த வலி மாத்திரை, கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின் இரண்டும் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. முன் அனுமதி இல்லாமல் ஒரு பட்டைகூட வேண்டாம்.

பாமணி:
ரொம்ப நன்றி. அம்மாவை இப்போதே இன்சுலின் பேனாவுக்கு மாற்றிவிட்டால் இந்த சிரிஞ்சுக் குழப்பமே இருக்காதா?

குடமுருட்டி:
இருக்காது. பேனாவில் போடும் காட்ரிட்ஜ் (மருந்துக் குழல்) இங்கேயும் யு-100தான், 20 என்று திருப்பினால் 20 போகும், அளவை மாற்ற வேண்டாம். மாற்றுவதை டாக்டரிடம் கேட்டு, புறப்பட ஒரு மாதம் முன்பே செய்து பழக்குங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் 2 யூனிட் வெளியே விட்டுப் பார்க்கணும், குத்திய பிறகு பத்து எண்ணி எடுக்கணும். கலங்கலான இன்சுலின் என்றால் உள்ளங்கையில் பத்து முறை உருட்டணும், குலுக்கக் கூடாது. ஒன்று மட்டும்: பேனா பழுதானால் காட்ரிட்ஜிலிருந்து பழைய சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சிவிடாதீர்கள். மாறியதும் மிச்ச சிரிஞ்சை வீட்டில் வைக்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.